மாடு சாகவில்லை, புல்தான் காய்ந்தது: அமெரிக்காவில் மேய்ச்சல் நிவாரணம் எப்படிக் கணக்காகிறது?

கேள்வி இது: “டெக்சாஸில் என் மைத்துனர் 60 ஏக்கர் நிலம் வாங்கி 40 வெள்ளாடுகள் வளர்க்கிறார். மழை பொய்த்துப் புல் காய்ந்தால் அரசு பணம் தரும் என்கிறார். ஆடு சாகவில்லை, பயிரும் போடவில்லை. வெறும் புல் காய்ந்ததற்கு எதை அளந்து, யாருக்கு, எவ்வளவு கொடுப்பார்கள்? இதில் ஏமாற்ற வழியில்லையா?”

உங்கள் மைத்துனர் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் மனத்தில் போட்டு வைத்திருக்கும் தொகை அநேகமாக உண்மையாக இருக்காது. அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் நெப்ராஸ்காவின் மேற்கே மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இந்தத் திட்டத்தின் பணம் பலருடைய கணக்கில் வரவாக விழுந்ததையும், சிலருக்கு விழாமலே போனதையும் பார்த்திருக்கிறேன்.

திட்டத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் கால்நடைத் தீவனப் பேரிடர் திட்டம். இங்கே எல்லோரும் எல்.எஃப்.பி. என்றுதான் சொல்வார்கள். அமெரிக்க வேளாண் துறையின் கீழுள்ள வேளாண் சேவை முகமை இதை நடத்துகிறது. மாடு செத்தால் இழப்பீடு தருவதற்கு வேறொரு திட்டம் இருக்கிறது. இது புல்லுக்கு மட்டும். மேய்ச்சல் காலத்தில் வறட்சி வந்து புல் போனால் ஒரு கணக்கு. மத்திய அரசு நிலத்தில் தீப்பிடித்து, அங்கே மேய்க்கக் கூடாது என்று அரசே தடுத்தால் இன்னொரு கணக்கு.

இனி உங்கள் கேள்வியின் கருவுக்கு வருவோம். எதை அளக்கிறார்கள்? புல்லை யாரும் அளப்பதில்லை. அதிகாரி உங்கள் நிலத்துக்கு வந்து குனிந்து பார்ப்பதில்லை, மழைமானியைக் கேட்பதில்லை. அவர்கள் பார்ப்பது ஒரு வரைபடத்தை.

அமெரிக்க வறட்சிக் கண்காணிப்பு வரைபடம் 1999 முதல் வெளியாகிறது. நெப்ராஸ்கா லிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய வறட்சித் தணிப்பு மையம், வேளாண் துறை, கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் மூன்றும் சேர்ந்து தயாரிக்கின்றன. செவ்வாய்க்கிழமை காலை வரையிலான நிலவரத்தை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை வெளியிடுவார்கள். மஞ்சள் டி0, அதாவது வழக்கத்தைவிட வறண்டது. அங்கிருந்து நிறம் ஏற ஏற டி1, டி2, டி3, கடைசியில் அடர்சிவப்பில் டி4. எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் வியாழன் காலையில் காப்பிக்கு முன்பே கைபேசியில் இந்தப் படத்தைத் திறந்து வைத்திருப்பவர்கள் உண்டு. முகத்தைப் பார்த்தே நிறம் மாறிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

அந்த நிறம்தான் பணம். டி2 தொடர்ந்து எட்டு வாரம் நின்றால் ஒரு மாதத் தொகை (அது எவ்வளவு என்பதைப் பிறகு சொல்கிறேன்) என்பது பல ஆண்டுகளாக இருந்த விதி. 2025 ஜூலையில் கையெழுத்தான பெரிய சட்டம் இதைத் தளர்த்தியது. இப்போது தொடர்ந்து நான்கு வாரம் டி2 என்றால் ஒரு மாதத் தொகை, எட்டு வாரத்தில் ஏழு வாரம் டி2 என்றால் இரண்டு. டி3 ஒரே ஒரு வாரம் தொட்டாலும் மூன்று மாதத் தொகை. டி3 மொத்தமாக நான்கு வாரம் இருந்தாலோ, டி4 ஒரு முறை எட்டிப் பார்த்தாலோ நான்கு. டி4 நான்கு வாரம் இருந்தால் ஐந்து. அதற்கு மேல் கிடையாது.

இதில் ஒரு சொற்றொடரை நன்றாகக் கவனியுங்கள். ‘கவுன்டியின் எந்தப் பகுதியிலாவது’ என்பது சட்டத்தின் வாசகம். கவுன்டி என்றால் நம் மாவட்டம் போன்றது. உங்கள் நிலம் சிவக்க வேண்டியதில்லை. உங்கள் கவுன்டியின் ஒரு மூலை சிவந்தால் போதும், கவுன்டி முழுவதும் தகுதி பெற்றுவிடும். இங்கே செர்ரி கவுன்டி என்று ஒன்று இருக்கிறது, பரப்பு ஏறத்தாழ 6,000 சதுர மைல். கனெக்டிகட் மாநிலத்தையே அதற்குள் வைத்துவிடலாம். மேற்கு ஓரத்தில் புல் சருகாகக் கிடக்கும்போது கிழக்கு ஓரத்தில் இடியோடு மழை கொட்டியிருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே தொகை. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுன்டி இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் வேறு கவுன்டி, அங்கே டி3 தொட்டுவிட்டது. இந்தப் பக்கம் டி2வோடு நின்றுவிட்டது. அதே மண், அதே வெயில், அதே காய்ந்த புல். அங்கே மூன்று மாதத் தொகை, இங்கே ஒன்றோ இரண்டோ. வேலியோரம் நின்று பேசிக்கொள்ளும் இரண்டு அண்டை வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது மிகவும் சங்கடமான வேலை.

அநியாயம் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு பண்ணைக்கும் ஆளனுப்பிப் புல் அளப்பது என்று வைத்தால், மாடு விற்று முடிந்த பிறகுதான் பணம் வரும். அளக்க வருபவருக்கும் அளக்கப்படுபவருக்கும் இடையே என்னென்ன நடக்கும் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வரைபடத்தை யாரும் ‘கவனித்துக்கொள்ள’ முடியாது. அதைச் சுழற்சி முறையில் வரைகிற சில நிபுணர்களும், தகவல் தருகிற நானூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்க் கண்காணிப்பாளர்களும் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். பண்ணைக்காரர்களும் தங்கள் நிலத்தின் படத்தை அவர்களுக்கு அனுப்பலாம். என்னிடம் வரும் ஒருவர் வடக்கு வேலியின் மூன்றாவது கம்பத்தில் கைபேசியைச் சாய்த்து வைத்து, மாதாமாதம் அதே இடத்தைப் படமெடுப்பார். மே மாதப் படத்தில் முழங்கால் உயரப் புல். ஆகஸ்டில் அதே படத்தில் மண் தெரிகிறது, நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதைச் சுற்றிக் குளம்படி. நூறு பக்க விளக்கத்தைவிட அந்த இரண்டு படங்கள் மேல்.

அடுத்தது எவ்வளவு என்பது. இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

புல் போனதற்கு இழப்பீடு என்றால் புல்லின் விலையில், அல்லது உலர்புல் கட்டின் விலையில் கணக்கிட வேண்டும் அல்லவா? அப்படிச் செய்வதில்லை. மக்காச்சோளத்தின் விலையில் கணக்கிடுகிறார்கள். ஒரு வளர்ந்த இறைச்சி மாட்டுக்கு நாளொன்றுக்கு 15.7 பவுண்டு மக்காச்சோளத்துக்குச் சமமான தீவனம் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. மார்ச் 1க்கு முந்தைய 12 மாதச் சராசரி விலை, 24 மாதச் சராசரி விலை இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்வார்கள். மக்காச்சோளத்தை இங்கே புஷல் என்ற அளவில் விற்பார்கள், ஒரு புஷல் 56 பவுண்டு. அதில் 30 நாளுக்குக் கணக்குப் போட்டு, வருவதில் 60 சதவீதம் தருவார்கள். மக்காச்சோளம் புஷல் 5 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாட்டின் ஒரு மாதத் தீவனச் செலவு சுமார் 42 டாலர். அதில் 60 சதவீதம் 25 டாலர் 23 சென்ட். வெள்ளாடும் செம்மறியும் கால் மாடு. கறவை மாட்டுக்கு இறைச்சி மாட்டைப்போல 2.6 மடங்கு.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. இன்னொரு வாசல் இருக்கிறது: நிலத்தின் தாங்குதிறன். உங்களிடம் எத்தனை மாடு என்பது ஒரு கணக்கு, உங்கள் நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்பது இன்னொரு கணக்கு. இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் பணம். ஒரு மாட்டுக்கு எத்தனை ஏக்கர் என்பதையும், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை மேய்ச்சல் காலம் என்பதையும் கவுன்டி வாரியாக முகமை வைத்திருக்கிறது. அதில் உள்ளூர் விவசாயிகளே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுன்டிக் குழுவுக்குப் பங்குண்டு. 200 மாடு வைத்திருக்கும் ஒருவர், 1,800 ஏக்கர் மேய்ச்சல் நிலம், மாட்டுக்கு 12 ஏக்கர் என்று கொள்ளுங்கள். நிலம் தாங்குவது 150 மாடு. ஆகவே 150க்குத்தான் கணக்கு. மாதம் சுமார் 3,785 டாலர். டி3 தொட்ட ஆண்டில் மூன்று மாதத்துக்கு 11,354 டாலர்.

அவருக்கு உண்மையில் என்ன செலவாகும்? ஒரு மாடு நாளைக்கு 28 பவுண்டு உலர்புல் தின்னும் என்று வைத்தால் 200 மாட்டுக்கு மாதம் 84 டன். (இங்கே டன் என்றால் 2,000 பவுண்டு.) வறட்சியில் புல் கட்டு விலை ஏறும். குறைத்தே டன்னுக்கு 150 டாலர் என்று போட்டாலும் 12,600 டாலர். லாரி வாடகை தனி. அரசு கொடுப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ‘அரசாங்கப் பணத்தில் கொழிக்கிறார்கள்’ என்று நகரத்தில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். அதே சமயம் கிழக்கு ஓரத்தில் மழை பெய்து, ஒரு கட்டுப் புல்கூட வாங்காமல் 11,354 டாலர் பெற்றவரும் இதே கவுன்டியில்தான் இருக்கிறார். இரண்டும் உண்மை.

உச்சவரம்பு ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர். சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டியவர்களைப் பொதுவாக விலக்கும் வருமான வரம்பும் உண்டு. பெரும்பாலான குடும்பப் பண்ணைகள் இந்த இரண்டின் பக்கமே போவதில்லை.

இந்தத் திட்டம் எப்போதும் இருந்தது என்று நினைக்க வேண்டாம். 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் பிறந்தது, 2011 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அடுத்த ஆண்டே, 2012இல், நாட்டின் பெரும்பகுதியைச் சுட்டெரித்த வறட்சி. கையில் ஒன்றுமில்லை. 2013 அக்டோபர் முதல் வாரத்தில் தெற்கு டகோட்டாவின் மேற்கே பனிப்புயல் அடித்துப் பல்லாயிரம் மாடுகள் குளிர்கால ரோமம்கூட வளராத நிலையில் செத்தபோது, மாடு சாவுக்கான திட்டமும் காலாவதி, மத்திய அரசு அலுவலகங்களும் பட்ஜெட் சண்டையில் பூட்டிக் கிடந்தன. போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. 2014 வேளாண் சட்டம்தான் இந்தத் திட்டங்களை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் 1 வரை பின்னோக்கியும் பணம் கொடுத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கான கோடி டாலர் போனது. ஆனால் இரண்டரை ஆண்டு கழித்து வரும் பணம் விற்றுவிட்ட மாட்டைத் திரும்பக் கொண்டுவராது. அந்த ரசீதுகளைத் தேடி அட்டைப் பெட்டிகளோடு வந்தவர்கள் இன்னும் என் நினைவில் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு முன் எத்தனை மாடு இருந்தது என்பதற்குக் கால்நடை மருத்துவரின் தடுப்பூசிப் பில்தான் ஒருவருக்குச் சாட்சி.

தீ பற்றிச் சுருக்கமாக. மத்திய அரசு நிலத்தில் உரிமம் பெற்று மேய்ப்பவருக்குத் தீயால் தடை வந்தால், மாதத் தீவனச் செலவில் பாதி, தடை நாட்களுக்கு ஏற்ப, ஆண்டுக்கு அதிகபட்சம் 180 நாள். சொந்த நிலம் எரிந்தால் இந்தத் திட்டத்தில் இடமில்லை. 2024 பிப்ரவரி இறுதியில் டெக்சாஸின் வடமுனையில் ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. அது அந்த மாநிலத்தின் வரலாற்றிலேயே மிகப்பெரிய தீ, எரிந்தது பெரும்பாலும் தனியார் நிலம். புல்லுக்காக அவர்கள் போய் நிற்க வேண்டிய வாசல் எலாப் எனப்படும் இன்னொரு அவசர உதவித் திட்டம். அது மாட்டோடு தேனீக்கும் பண்ணை மீனுக்கும்கூட உதவும். ஒரே அலுவலகத்தில் ஒரே மேசைதான், ஆனால் படிவம் மாறினால் காலம் தப்பிவிடும்.

மத்திய அரசு நிலத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு நியாயமான குறையையும் சொல்லிவிட வேண்டும். 2019 முதல் 2025 வரை அந்த நிலத்தில் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்குக் கட்டணம் 1.35 டாலர். அதே நிலத்தில் வறட்சி வந்தால் அதே மாட்டுக்கு இந்தத் திட்டம் மாதம் இருபது, இருபத்தைந்து டாலர் தருகிறது. வாடகையைப்போலப் பதினைந்து, இருபது மடங்கு நிவாரணம். என் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காது என்றாலும், இதைக் கேள்வி கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பணம் யாருக்கு என்பதில் பலரையும் கவிழ்ப்பது குத்தகை. வறட்சி தொடங்குவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் மாடு உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். நிலம் சொந்தமோ பணக் குத்தகையோ, அதன் நட்டம் உங்கள் தலையில் விழ வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். 90 கிடேரிகளை ஒரு பெரிய நிலக்காரரின் புல்வெளியில் விட்டிருந்தார்கள். கவுன்டி டி4 தொட்டிருந்தது, நான்கு மாதத் தொகை நிச்சயம் என்ற நம்பிக்கை. ஒப்பந்தத்தைக் கேட்டேன். இரண்டு பக்கம், மடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்ததால் கிழிந்த தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரே வரி: மாடு எத்தனை பவுண்டு எடை கூடுகிறதோ, பவுண்டுக்கு இத்தனை சென்ட் வாடகை. எடை கூடுவதற்கு ஏற்ப வாடகை கொடுப்பவர் இந்தத் திட்டத்தில் தகுதியற்றவர் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. எடை கூடவில்லை என்றால் வாடகையும் இல்லை, ஆகவே புல் நட்டம் உங்களுடையது இல்லை என்பது அதன் தர்க்கம். அந்தத் தர்க்கம் காகிதத்தில் சரிதான். கிடேரி இளைத்தால் நட்டம் யாருக்கு என்று அந்தப் பெண் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை ஏக்கருக்கு இவ்வளவு என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். அந்த ஆண்டு நன்றாக மழை பெய்தது.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி எது என்று கேட்டால், விற்றுவிட்ட மாட்டுக்கும் பணம் தருவதைச் சொல்வேன். மாட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், பணத்துக்காகவே மாட்டைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பசித்த மாடு புல்லை வேர்வரை கடித்துத் தின்னும். எங்கள் மணற்குன்றுப் பகுதி முழுவதும் புல்லின் வேர்தான் மணலைக் கட்டிப் பிடித்திருக்கிறது. வேர் போனால் காற்று அந்த இடத்தைத் தோண்டிக் குழியாக்கிவிடும், அது மறுபடி மூடப் பல ஆண்டு ஆகும். ஆகவே முந்தைய இரண்டு ஆண்டுகளில் வறட்சிக்காகவே மாட்டைக் குறைத்தவர்களுக்கு, அந்த இல்லாத மாட்டுக்கும் மாதத் தொகையில் 80 சதவீதம் உண்டு. நல்ல விதி, ஆனால் போதாது. விற்றது வறட்சியால்தான் என்பதற்கு ஏலச் சந்தையின் ரசீது வேண்டும். விற்ற பிறகு வறட்சி விட்டுவிட்டால் ஒன்றும் கிடையாது.  2025 ஜனவரியில் இந்த நாட்டின் மொத்த மாடுகள் சுமார் 8.67 கோடி, 1951க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. அதற்கு வறட்சி ஒரு முக்கியக் காரணம். நிவாரணம் பெருகியும் மந்தை சுருங்கியது என்பதை இதை நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

ஏமாற்றுவதைப் பற்றிக் கேட்டீர்கள். வரைபடத்தில் முடியாது, ஆனால் எண்ணிக்கையில் முயலலாம். எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் என்பதை விண்ணப்பிப்பவரே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். ஆனால் ஏக்கர் கணக்கு வான்படத்தோடு ஏற்கெனவே அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். மாட்டை ஏற்றிச் சொன்னாலும் நிலத்தின் தாங்குதிறன் தலையில் தட்டி நிறுத்திவிடும். அந்த ‘எது குறைவோ’ என்ற இரண்டு சொற்கள் நூறு ஆய்வாளர்களுக்குச் சமம். பொய்யான சான்றுக்குப் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு மற்றத் திட்டங்களின் கதவும் மூடலாம். நான் பார்த்தவரை ஏமாற்றியவர்களைவிட, கிடைக்க வேண்டியதைக் காலம் தாழ்த்தி இழந்தவர்களே அதிகம்.

இப்போது உங்கள் மைத்துனர். முதல் கேள்வி, அந்த ஆடுகள் விற்பனைக்கு வளர்க்கப்படுகின்றனவா என்பது. வார இறுதியில் பிள்ளைகள் தடவிக் கொடுப்பதற்கும், தீபாவளிக்கு நண்பர்களோடு பங்கு போடுவதற்கும் என்றால் இந்தத் திட்டம் அவருக்கில்லை. விற்பனைதான் என்றால், 40 வெள்ளாடு என்பது 10 மாடு. 60 ஏக்கர், மாட்டுக்கு 12 ஏக்கர் என்றே வைத்தால் நிலம் தாங்குவது 5 மாடு. குறைவானது 5. புஷல் 5 டாலர் கணக்கில் மாதம் 126 டாலர், டி3 வந்தால் மூன்று மாதத்துக்கு 378 டாலர். அவர் பிக்கப் வண்டிக்கு மூன்று நான்கு முறை டீசல் போடலாம்.

ஆனாலும் வேளாண் சேவை முகமையின் அலுவலகத்துக்கு ஒரு முறை போய்வரச் சொல்லுங்கள், புல் பச்சையாக இருக்கும்போதே. நிலத்துக்கு எண் வாங்கி, ஏக்கரை மேய்ச்சல் நிலம் என்று பதிவு செய்து, வருமானச் சான்றுப் படிவத்தையும் கொடுத்துவிட்டு வரட்டும். பதிவு அந்தந்த ஆண்டுக்குரியது என்பதால் அடுத்த ஆண்டும் போக வேண்டும். போகும்போது ஆடு வாங்கிய ரசீது, தடுப்பூசிப் பில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போகட்டும். பண்ணைகளுக்கான மற்றத் திட்டங்கள் பலவற்றுக்கும் அதே எண்தான் கேட்பார்கள்.